நாலாவது ஜன்னல்

நியமனக் கடிதத்தில் என் வேலைக்குப் போட்டிருக்கும் பெயர் ‘விருந்தினர் ஒருங்கிணைப்பாளர்’. கேட்பவர்கள் நான் ஏதோ பெரிய ஹோட்டல் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஆள் பிடிக்கிற வேலை. எங்கள் செய்தி சேனலில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு விவாதம் நடக்கும். திரையில் நான்கு ஜன்னல், நான்கு முகம். அந்த நான்கு முகங்களையும் மதியம் மூன்று மணிக்குள் போன் போட்டுப் பிடித்து, கெஞ்சி, கொஞ்சி, சில சமயம் மிரட்டி, ஆறு மணிக்குச் சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன்.

முதல் மூன்று ஜன்னல்களுக்கு ஆள் கிடைப்பது சுலபம். முதலாவதில் அரசாங்கத்தின் ஆள். எங்கள் முதலாளிக்கு அரசாங்கம் என்றால் உயிர், அரசாங்கத்துக்கும் அவர் மேல் அப்படியே. இரண்டாவதில் ‘சமூக ஆர்வலர்’ என்று கீழே எழுத்துப் போட்டு, அரசாங்கம் சொன்னதையே இன்னும் கொஞ்சம் நல்ல மொழியில் சொல்கிறவர். மூன்றாவதில் இருப்பவர் யார் பக்கம் என்று அவருக்கே தெரியாது, சத்தம் மட்டும் நன்றாக வரும். நாலாவது ஜன்னலில்தான் என் சாமர்த்தியம் இருக்கிறது. அங்கே எதிர்த்தரப்பு உட்கார வேண்டும். உட்கார்ந்து தோற்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கூப்பிடவே இல்லையென்றால் நடுநிலை என்ற பெயர் போய்விடும். கூப்பிட்டு அவர் ஜெயித்துவிட்டால் என் வேலை போய்விடும்.

அதற்காகத்தான் அந்தக் கார்டு. ஒவ்வொரு விருந்தினருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை எழுதி நெறியாளரிடம் கொடுப்பேன். பெயர், வேலை, எந்தப் பக்கம், கடைசியில் ‘கவனிக்க’ என்று ஒரு வரி. ஆரம்பத்தில் அந்த வரியில் ஒரு பாவமும் இல்லை. இடது காது கேட்காது, உரக்கப் பேசவும். சர்க்கரை நோயாளி, இடைவேளையில் தண்ணீர் கொடுக்கவும். இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், ‘புள்ளிவிவரம் கேட்டால் தடுமாறுவார்’ என்று எழுதினேன். அன்றைக்கு நெறியாளர் அந்த மனிதரிடம் புள்ளிவிவரத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, தொண்டைக்கு நல்லது என்று ஒரு மிட்டாயை வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், கேமரா அணைந்த பிறகு. அதற்கப்புறம் அந்த வரி வளர்ந்தது. சீக்கிரம் கோபம் வரும். மனைவியைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார். கைதட்டலுக்கு மயங்குவார், இரண்டு தடவை புகழ்ந்துவிட்டுக் கேட்டால் எதையும் ஒத்துக்கொள்வார். போனில் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், ஒருவர் எங்கே உடைவார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

எங்கள் சேனலின் தலைமைச் செய்தி ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். எத்தனை வீட்டில் எத்தனை நிமிஷம் எங்களைப் பார்த்தார்கள் என்ற கணக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரும். அதுவரை அவர் பேயறைந்த மாதிரி உலாத்துவார். வந்த பிறகு, வரைபடத்தில் கோடு ஏறியிருந்தால் மனிதர், இறங்கியிருந்தால் வேறு ஏதோ. அந்த மாதம் நான்கு வாரமாகக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸுகளின் வேலைநிறுத்தம் வந்தது.

என் அக்கா நர்ஸ். அரசு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில், இருபத்தாறு வருஷம். நர்ஸுகள் சங்கத்தில் ஏதோ ஒரு பொறுப்பும் இருந்தது. வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத பொறுப்பென்றால் அது தானாக அவள் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நாற்பத்தொரு வயதிலும் அவளுக்கு நான் பாப்பா.

முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ், இன்னும் ஆள் போடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை வேலைநிறுத்தம். மற்ற வார்டு நர்ஸுகள் வாசலில் வந்து நிற்பார்கள். உயிருக்குப் போராடுகிறவர்கள் இருக்கும் வார்டுகளில் மட்டும் ஒரு நர்ஸ் உள்ளே இருந்து வேலை பார்ப்பாள், ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மாட்டாள். வேலையை விடாமல் எதிர்ப்பைக் காட்ட அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அந்த மூன்று மணி நேரத்துக்குள், குழந்தைகள் வார்டில், ஏழு மாதக் குழந்தை ஒன்று இறந்துபோனது.

குழந்தையின் அப்பா அன்று மாலையே எல்லாச் சேனலிலும் பேசினார். “கதவு சாத்தியிருந்துச்சு. வெளியில ஒரு நர்ஸ்கூட இல்ல. தட்டித் தட்டிப் பாத்தேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பதிவேட்டிலும் ஒரு கையெழுத்தும் இல்லை. ‘குழந்தையைக் கொன்றதா வேலைநிறுத்தம்?’ என்று நாங்கள் தலைப்புப் போட்டோம். கேள்விக்குறி எங்களுக்கு வசதியான எழுத்து. எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாரம் இதுவே ஓடியது. அப்போதுதான் அக்கா போன் செய்தாள்.

“பாப்பா, உங்க சேனல்ல என்னைக் கூப்பிடுவீங்களா?”

“நீ எதுக்குக்கா?”

“எங்க பக்கம் என்ன நடந்ததுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. சங்கத்துல யாராவது போய்ப் பேசுங்கன்னா எல்லாரும் என்னைக் கை காட்டறாங்க. நீ இருக்கற இடம்தானே, பயமில்லாம பேசலாம்.”

நீ இருக்கிற இடம்தானே. அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு நாலாவது ஜன்னல் காலியாக இருந்தது. மணி இரண்டேமுக்கால். சங்கத்திலிருந்து வேறு யாரும் போனை எடுக்கவில்லை. மீட்டர் என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எத்தனையோ பேரைக் கூப்பிட்டோம், அக்காவுக்கும் இரண்டு நிமிஷம் கிடைக்கட்டுமே என்றும் தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கார்டு எழுதினேன். அன்றைக்கு அதுதான் கடைசிக் கார்டு. பெயர், வேலை, பக்கம் எல்லாம் எழுதிவிட்டு ‘கவனிக்க’ வரிக்கு வந்ததும் கை நின்றது. காலியாக விட்டிருக்கலாம். ஆனால் காலியாக விட்டால், சொந்த அக்கா என்று சலுகை காட்டுகிறாள் என்று பேச்சு வரும். இந்தத் தொழிலில் நான் யாருக்கும் சலுகை காட்டுகிறவள் இல்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் கெட்டுவிடக்கூடாது. இதைவிட அற்பமான ஒரு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

எழுதினேன்: ‘குற்றம் சாட்டினால் உடனே மறுக்க மாட்டார். உண்மையா என்று யோசிப்பார்.’

அக்கா அப்படித்தான். வீட்டில் எது உடைந்தாலும், நீயா உடைத்தாய் என்று அம்மா கேட்டால், நான் கேள்வி முடிவதற்குள் இல்லை என்பேன். அவள் நின்று யோசிப்பாள். நான் அந்தப் பக்கம் போனேனா, கை பட்டிருக்குமா என்று மனசுக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள். அதற்குள் அடி விழுந்திருக்கும். நான் உடைத்ததற்கெல்லாம் அவள் எத்தனை தடவை வாங்கியிருக்கிறாள் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

மாலை ஆறு மணி. அக்கா சங்கத்தின் சின்ன அறையில், சுவரில் சாய்த்து வைத்த கைபேசியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சீருடையை மாற்றவில்லை. வாரிய தலை, சட்டைப் பையில் செருகிய பேனா. நான் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு நான்கு விருந்தினர்களின் இணைப்பையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்தது நீங்கள், இப்போது பேசலாம் என்று அவர்கள் காதில் சொல்வது என் வேலை.

“அக்கா, அடுத்தது நீ.”

“சரி பாப்பா” என்றாள். கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். எனக்காகச் சிரித்தது அது. திரையில் பார்த்தவர்களுக்கு, குழந்தை செத்த விஷயத்தில் சிரிக்கிறாளே என்றுதான் பட்டிருக்கும்.

நெறியாளர் கார்டை ஒரு தடவை பார்த்தார். வழக்கமாக நாலாவது ஜன்னலுக்கு வணக்கம் சொல்லி, ஒரு சாதாரணக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு நேராகவே வந்தார்.

“ஒரே ஒரு கேள்வி. ஆமாவா இல்லையா? அந்தக் குழந்தையோட சாவுக்கு நீங்கதானே காரணம்?”

அக்கா யோசித்தாள்.

எனக்குத் தெரியும், அவள் அந்த வார்டுக்குள் போய்விட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். “அக்கா, பேசு” என்றேன் ஹெட்போனில். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. மூன்று விநாடி. நான்கு. மற்ற மூன்று ஜன்னல்களையும் எடுத்துவிட்டு அவள் முகத்தை மட்டும் திரை முழுக்கப் போடச் சொன்னார் மீட்டர். எட்டு. ஒன்பது. கீழே எழுத்து ஓடியது: ‘பதில் இல்லை!’ அவள் கண் கலங்கியிருந்தது. பதினோராவது விநாடியில் நெறியாளர், “இந்த மௌனமே பதில். ஒரு சின்ன இடைவேளை” என்றார். பற்பசை விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

இடைவேளை என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அவள் கைபேசியில் அவளுடைய முகம் மட்டும்தான் தெரியும். ஒளிபரப்பு போய்விட்டதென்று சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்வதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நான் காரணமான்னு கேட்டீங்க. ஒரு வாரமா நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு அந்த வார்டுல இருந்தது நான்தான். கையெழுத்துப் போடாம வேலை பாக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம், அதனால பதிவேட்டுல என் பேரு இருக்காது. ஒன்பது அம்பதுக்கு அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. டாக்டருக்கு மூணு தடவை போன் போட்டேன். வரல. வேற வார்டுல இருந்திருப்பாரு, அவரைக் குத்தம் சொல்லல, அவரும் ஒரே ஆளு. நான் மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு காத்து அழுத்திக்கிட்டே இருந்தேன். கதவை யாரோ தட்டற சத்தம் கேட்டுச்சு. அது அவங்க அப்பான்னு அப்புறம்தான் தெரியும். போய்த் திறக்க என்னால முடியல. கையை எடுத்தா மூச்சு நின்னுடும். பத்தரைக்கு, கையை எடுக்காமலே நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சது எல்லாம் செஞ்சேன். இன்னொரு நர்ஸ் இருந்திருந்தா ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வந்திருப்பா. அதைத்தான் நாங்க கேட்டோம். அந்த அப்பா பாத்துக்கிட்டு இருந்தார்னா அவருக்கு ஒண்ணு சொல்லணும். குழந்தை தனியா போகலைங்க. நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவ்வளவுதான். நன்றி.”

ஒரு இடத்தில் தடுமாறவில்லை. ஒரு சொல் கூடுதலாக இல்லை. பதினோரு வருஷத்தில் நாலாவது ஜன்னலில் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. உலகத்தில் அதைக் கேட்டது நான் ஒருத்திதான். விளம்பர நேரத்தில் வருவதை எங்கள் கருவிகள் பதிவு செய்வதில்லை.

“பாப்பா, நான் சொன்னதெல்லாம் டிவியில வந்துச்சா?”

“வந்துச்சுக்கா” என்றேன்.

அந்தப் பொய்க்கு ஆயுசு முக்கால் மணி நேரம். அவள் வீட்டுக்குப் போனதும் அவள் கணவர், என் மாமா, சொல்லிவிட்டார். மறுபடி போன் வந்தது.

“மாமா பாத்தாராம். நான் வாயே திறக்கலைங்கறார்.”

“நேரம் முடிஞ்சு போச்சுக்கா. விளம்பரம் வந்துடுச்சு.”

“அடடா” என்றாள். “சட்டுனு ஆரம்பிச்சிருக்கணும். என் தப்பு. உனக்கு ஏதும் திட்டு விழலையே?”

இல்லை என்றேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பதினோரு விநாடியை வெட்டி எடுத்து ஊரே பார்த்தது. பின்னால் சோகமான இசை சேர்த்தவர்கள் உண்டு, சிரிப்புச் சத்தம் சேர்த்தவர்களும் உண்டு. பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து போய் நின்றுகொண்டே வந்தாளாம். வார்டில் ஒரு தாய், இந்த நர்ஸ் என் பிள்ளையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் மாமாதான் சொன்னார். அக்கா சொல்லவில்லை.

வியாழக்கிழமை கோடு ஏறியிருந்தது. எங்கள் சேனலின் ஆறு மாதத்தில் மிக உயரமான நிமிஷம் என் அக்காவின் முகம். மீட்டர் எல்லோருக்கும் கேக் வாங்கி வரச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும், “கூடப் பொறந்த அக்கான்னு பாக்காம எழுதியிருக்காங்க பாருங்க, இதுதான் தொழில் பக்தி” என்றார். கைதட்டினார்கள். கேக்கை வாயில் வைத்தேன்.

“அடுத்த வாரம் மறுபடி உங்க அக்கா” என்றார். “இந்தத் தடவை எதிர்ல அந்தக் குழந்தையோட அப்பா. நேருக்கு நேர். அவர் ஒரு கேள்வி கேட்டா போதும், மத்ததை அக்காவோட மூஞ்சி பாத்துக்கும்.”

நான் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து வேறொரு பெண் சங்கத்துக்குப் போன் செய்துவிட்டாள். அக்கா என்னைக் கூப்பிட்டபோது குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“பாப்பா, இந்தத் தடவை விடமாட்டேன். யோசிக்கிறதை எல்லாம் இப்பவே யோசிச்சு வெச்சுக்கிட்டேன். அந்த அப்பாவும் வர்றாராம். அவருக்கு நேராவே சொல்லிடலாம். விசாரணை வேற வெச்சிருக்காங்க, ரெண்டு வாரத்துல. வெளியில ஒரு தடவை சொல்லிட்டேன்னா அங்க சொல்ல எனக்குத் தைரியம் வந்துடும்.”

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. “மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிக்கிட்டு இருக்கா. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட கண்ணாடியைப் பாத்துத்தான் பதில் சொல்றா.”

“சும்மா இருங்க” என்று அக்கா சிரித்தாள்.

அந்த அப்பா அழுதுகொண்டே, என் பிள்ளை சாகும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார். இவள் கண்ணாடி முன்னால் யோசித்து வைத்ததெல்லாம் காற்றில் போய்விடும். அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வார்டுக்குள் போய்த் தேடுவாள். இந்தத் தடவை அவர்கள் இருபது விநாடி விடுவார்கள். அதற்கப்புறம் அவள் எந்த பஸ்ஸிலும் ஏற முடியாது.

அவளைத் தடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிதான் இருந்தது. கார்டைப் பற்றிச் சொல்வது ஒன்று. உன்னை எங்கே தட்டினால் உடைவாய் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான், வராதே. ஒரே வரி. வாய் வரைக்கும் வந்தது. நீ இருக்கிற இடம்தானே என்று சொன்னவளிடம் அதை எப்படிச் சொல்வது? அவளுக்கு ஒரே தங்கை நான். அவள் கண்ணில் நான் பாப்பாவாகவே இருந்துவிட்டுப் போக ஆசைப்பட்டேன். அதனால் இன்னொரு வழியை எடுத்துக்கொண்டேன்.

“வேண்டாம்க்கா. வராதே.”

“ஏன்?”

“உனக்குப் பேச வராதுக்கா.”

“டிவியில பேச வராதுங்கறியா? இல்ல, பொதுவாவா?”

டிவியில் என்று மட்டும் சொல்லியிருந்தால், பழகிக்கொள்கிறேன், இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்பாள். எனக்குத் தெரியும். ஒரே வெட்டாக வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“பொதுவாவே வராது. நீ வாயைத் திறந்தா உனக்கும் கெடுதல், உன்கூட இருக்கறவங்களுக்கும் கெடுதல். அன்னைக்குப் பாத்தேல்ல? பேசாம இருக்கறதுதான் உனக்கு நல்லது.”

அவள் யோசித்தாள். எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருக்கப் பாடுபட்டேன்.

“சரி பாப்பா” என்றாள். “நீ இந்த வேலையில இருக்க. நாலு பேர் பேசறதைத் தினம் கேக்கறவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

போனை வைத்த பிறகு எனக்குப் பெருமூச்சு வந்தது. நிம்மதிப் பெருமூச்சு. அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். மீட்டரிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். நாலாவது ஜன்னலுக்கு வேறொருத்தரைப் பிடித்துக் கொடுத்தேன், அவருக்கு ஒரு கார்டு எழுதினேன். நிகழ்ச்சி சுமாராகப் போனது. அந்த அப்பா அழுதார், கோடு கொஞ்சம் ஏறியது. நர்ஸுகளை எல்லோரும் மறந்து, அடுத்த வாரம் ஒரு பாலம் இடிந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். இடிந்த பாலத்துக்கும் ஒரு நாலாவது ஜன்னல் இருந்தது.

விசாரணை எந்தத் தேதி என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மாமா போன் செய்தார். எப்போதும் என்னைக் கிண்டல் செய்யாமல் பேச்சை ஆரம்பிக்காதவர், அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஆர்டர் வந்துடுச்சும்மா. இனிமே எந்த வார்டுலயும் அவளுக்கு வேலை கிடையாது. துணிக் கிடங்குல போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான்.”

“விசாரணையில சொல்லலையா மாமா? அவதானே உள்ள இருந்தா?”

“செவ்வாய்க்கிழமை விசாரணை. மூணு பேர் உக்காந்து கேட்டாங்களாம். எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா. சங்கத்துல எல்லாரும் தலையில அடிச்சுக்கறாங்க. ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, எனக்குப் பேச வராதுங்க, நான் பேசினா மத்த நர்ஸுங்களுக்கும் கெடுதலாயிடும்ங்கறா. யார் இவ மண்டையில இதை ஏத்தினாங்கன்னே தெரியல. நீயாவது கேளு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா சமையலறை மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் துணிதான். ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டைச் சொன்னேன், அந்த வரியை எழுத்துக்கு எழுத்துச் சொன்னேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். பேச வராது என்றது பொய், கார்டு விஷயம் உனக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று சொன்ன பொய் என்றேன். அழவில்லை. அழுதால் அவள் எழுந்து வந்து என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்ற பயம்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

“நீ எழுதினது சரிதானே?” என்றாள். “நான் அப்படித்தானே.”

“அக்கா, என்னைத் திட்டேன்.”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “அன்னைக்கு விளம்பரம் வந்தப்புறம் நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?”

“முழுசும் கேட்டுச்சு.”

“என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

சொன்னேன். ஒன்பது ஐம்பதிலிருந்து கடைசி நன்றி வரை, அவள் சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல் விடாமல். எனக்கு மனப்பாடமாக இருந்தது. கையை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற இடத்தில் அவள் தன் வலது கையை எடுத்துப் பார்த்தாள். குழந்தை தனியாகப் போகவில்லை என்ற இடத்தில் என் குரல்தான் உடைந்தது. வேறு யாரோ பேசியதைக் கேட்பது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவும் நானா சொன்னேன்?”

“நீதான்க்கா.”

“தடுமாறாமலா?”

“ஒரு இடத்துலகூட இல்ல.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், வரட்டும், வந்தால் நல்லது என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற பெண்ணைப் போல மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ எனக்குப் பேச வரும்தானே, பாப்பா?”

“வரும்க்கா” என்றேன். “உன்னை மாதிரி பேசி நான் யாரையும் கேட்டதில்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். விசாரணை நடந்தது செவ்வாய்க்கிழமை. நான் இதை அவளிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை.